வடசென்னை மழைக்காளான் நடை: பதிவெல்லாம் 'பூஞ்சை'னே நிக்குது, எதை விடுறோம்?

கொசஸ்தலை:

மாதவரம், புழல் ஏரிக்கரை, காட்டுப்பள்ளிப் பக்கத்துச் சவுக்குத் தோப்பு, இந்த மூணு இடத்துலயும் ஐப்பசியிலேருந்து மார்கழி வரைக்கும் மாசம் ரெண்டு காளான் நடை போறதா இருக்கோம். பத்துப் பன்னெண்டு பேர். பறிச்சுச் சமைக்க இல்ல, பதிவு பண்ண மட்டும்.

போன மழைக்காலப் பதிவுகள் ஐநேச்சுரலிஸ்ட்ல, அதாவது உயிரினப் படத்தை ஏத்தினா மத்தவங்க பேர் சொல்ற இணையதளத்துல, ஏத்தியாச்சு. முக்கால்வாசி 'பூஞ்சை' மட்டத்துலயே நிக்குது, பேரினம் வரைக்கும்கூட யாரும் சொல்லல. ஒவ்வொண்ணுக்கும் மேலேருந்து எடுத்த ரெண்டு படம், ஜிபிஎஸ், தேதி, அவ்வளவுதான் இருக்கு. ஸ்போர் பிரிண்ட் (குடையைத் தாள்ல கவிழ்த்து, உதிர்ற வித்துத்தூளோட நிறத்தைப் பார்க்கிறது) போட்டா காலையில பார்க்கும்போது காகிதத்துல வெள்ளைப் பூசணம்தான் இருக்கு. காயவெச்ச மாதிரிகள் ரெண்டு மாசத்துல வண்டு அரிச்சுத் தூளாயிடுச்சு.

உதாரணத்துக்கு ஒண்ணு: மாதவரத்துல புல்வெளி, வட்டமா பதினோரு காளான், குடை 12 முதல் 18 செ.மீ., வெள்ளை மேல பழுப்புச் செதில், தண்டுல வளையம். ஒருத்தர் 'புற்றுக்காளான், சாப்பிடலாம்'னு எழுதியிருக்கார். இன்னொருத்தர் 'விஷம்'ங்கிறார். எது சரி? மழை விட்டு எத்தனை நாள் கழிச்சுப் போகணும், குறைஞ்சபட்சம் என்னென்ன குறிக்கணும், இந்த ஈரத்துல ஸ்போர் பிரிண்ட் எப்படி எடுக்கிறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஏரிக்கரை:

முதல்ல அந்தப் புல்வெளிக் காளான். நீங்க சொல்ற அளவு, செதில், வளையம், வட்டம் எல்லாம் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் பக்கம்தான் போகுது. அது விஷம். சாப்பிட்டா ஒண்ணுலேருந்து மூணு மணி நேரத்துக்குள்ள வாந்தி, வயித்துப்போக்கு கடுமையா வரும். 'சாப்பிடலாம்'னு இருக்கிற கருத்துக்குக் கீழ இன்னிக்கே மறுப்பு எழுதிடுங்க, அடுத்தவர் அதைப் படிச்சுட்டுப் பறிக்கக் கூடாது.

ஆனா உங்க படத்தை வெச்சு யாரும் உறுதியா முடிவு சொல்ல முடியாது. முடிவு சொல்ற ரெண்டு இடமும் படத்துல இல்ல. ஒண்ணு குடைக்கு அடியில, இன்னொண்ணு மண்ணுக்கு அடியில.

குளோரோஃபில்லத்தோட செவுள், அதாவது குடைக்கு அடியில இருக்கிற மடிப்பு, இளசுல வெள்ளையா இருக்கும். குடை நல்லா விரிஞ்சு முத்தினப்புறம்தான் சாம்பல் கலந்த பச்சை ஏறும். அதனால வெள்ளைச் செவுளைப் பார்த்து 'பச்சை இல்லையே'ன்னு விடக்கூடாது. அதே வட்டத்துல முத்தின காளான் ஒண்ணாவது இருக்கும், அதைத் திருப்பிப் பாருங்க. வளையம் தண்டுல ஒட்டாம மேல கீழ நகரும், விரலால மெதுவாத் தள்ளிப் பார்க்கலாம். தண்டோட அடி கொஞ்சம் பருத்து மண்ணோட முடிஞ்சிடும், வேர் கிடையாது.

புற்றுக்காளான், அதாவது டெர்மிட்டோமைசிஸ், வேற ஆள். கறையான் புற்றுக்குள்ள வளர்க்கிற பூஞ்சைத் தட்டுலேருந்து கிளம்பி வருது. குடை நடுவுல ஈட்டி முனை மாதிரி ஒரு கூர்ப்பு இருக்கும், மண்ணைத் துளைச்சு வர்றதுக்கு. தண்டு மண்ணுக்குள்ள வேர் மாதிரி நீண்டு போகும், சில சமயம் ஒரு சாண், ஒரு முழம்கூட. மேல புற்று தெரியலன்னா புற்றுக்காளான் இல்லைன்னு அர்த்தம் இல்ல, தரைக்கடியிலேயே கூடு கட்டுற கறையான் நம்ம பக்கம் நிறைய. இதுல ஒரு விலக்கு உண்டு. டெர்மிட்டோமைசிஸ் மைக்ரோகார்ப்பஸ் ஒண்ணு ரெண்டு செ.மீ. குடையோட நூத்துக்கணக்கில பரவி வரும். கறையான் வெளியில கொண்டுவந்து போட்ட தட்டுத் துணுக்குலேருந்து முளைக்கிறதால அதுக்கு அந்த நீள வேர் இருக்காது.

இதனாலதான் காளானைப் பிடுங்கக் கூடாது. பிடுங்கினா அடிப்பாகம் மண்ணுலயே நின்னுடும். தண்டுக்கு ரெண்டு விரல் தள்ளிக் கத்தியைச் சாய்ச்சு விட்டு, மண்ணோட சேர்த்து நெம்பி எடுங்க. அடியில கிண்ணம் மாதிரி உறை இருக்கா, குமிழ் இருக்கா, வேர் போகுதா, அடியில வெள்ளை நூல் படர்ந்திருக்கான்னு அப்பதான் தெரியும். உறை இருந்து ஸ்போர் வெள்ளையா இருந்தா அமானிட்டாவா இருக்கலாம். அதே உறை இருந்து ஸ்போர் இளஞ்சிவப்பா வந்தா வால்வேரியெல்லா, அதாவது வைக்கோல் காளான் சேர்ந்த பேரினம். ரெண்டையும் மேலேருந்து பார்த்தா குழம்பிடும்.

படம் குறைஞ்சது ஆறு எடுங்க: தொடுறதுக்கு முன்னாடி சுத்துப்புறத்தோட ஒண்ணு, குடை மேல, பக்கவாட்டு, செவுள், நெம்பி எடுத்த அடித்தண்டு, நெடுக்கா ரெண்டா வகுந்தது. வகுந்த படம்தான் நிறையப் பேர் விடுறாங்க. செவுள் தண்டைத் தொடுதா, விலகி நிக்குதா, தண்டுல இறங்கி ஓடுதாங்கிறது அதுலதான் தெளியும். வெட்டின இடம் நிறம் மாறுதான்னு அஞ்சு நிமிஷம் கழிச்சு இன்னொரு படம் எடுங்க. அளவுக்கு ஒரு ரூபாய் நாணயம் வைக்காதீங்க, வருஷத்துக்கு வருஷம் அதோட அளவு மாறியிருக்கு. 15 செ.மீ. பிளாஸ்டிக் ஸ்கேல் போதும். ஃபிளாஷ் வேண்டாம், செவுள் நிறம் வெளுத்துடும். வெயில் பட்டா கறுப்புக் குடையை விரிச்சு நிழல்ல எடுங்க. போன் பின்னாடி இருக்கிற புல்லை ஃபோகஸ் பண்ணினா காளானுக்குப் பின்னால உள்ளங்கையை வெச்சு ஃபோகஸைப் பூட்டிட்டுக் கையை எடுங்க.

குறிப்புல முதல் வரி எது மேல முளைச்சிருக்குங்கிறதா இருக்கணும். 'மண்'னு மட்டும் எழுதினா பத்தாது. மண்ணைக் கிளறினா அடியில புதைஞ்ச வேர்க்கட்டை இருக்கும், இல்லன்னா மக்கின சாணி இருக்கும். மரத்துல இருந்தா எந்த மரம், உயிரோட நிக்குதா, பட்டுப்போனதா, விழுந்த கட்டையா, பட்டை இருக்கா. கட்டை எப்படி உளுத்திருக்குன்னும் பாருங்க. வெளுத்து நார் நாரா வந்தா வெள்ளை அழுகல். பழுப்பாகிக் கட்டம் கட்டமா வெடிச்சிருந்தா பழுப்பு அழுகல். இந்த ஒரு வரி சந்தேகப் பட்டியலைப் பாதியாக் குறைச்சிடும்.

எப்பப் போறதுன்னா, ஒரே கணக்கு எல்லாத்துக்கும் ஒத்துவராது. பாராசோலா, கோப்ரினெல்லஸ் மாதிரி மைக்குடை வகை நல்ல மழைக்கு அடுத்த நாளே வரும், விடியல்ல விரிஞ்சு உச்சி வெயிலுக்குள்ள சுருண்டுடும். ஆறு, ஆறரைக்கு நடை தொடங்கினாத்தான் கிடைக்கும். சதைப்பிடிப்பான பெருசெல்லாம் மழைக்கு நாலஞ்சு நாள் கழிச்சு, ஒரு வாரம்கூட ஆகும். இடையில வெயில் அடிச்சு மேல்மண் காஞ்சா வராது, தண்ணி தேங்கி நின்னாலும் வராது. ஏரிக்கரையில மேட்டுச் சரிவைப் பாருங்க, பள்ளத்துல தேடி நேரத்தை விடாதீங்க.

மழை அளவுக்கு நுங்கம்பாக்கம் வானிலை நிலையக் கணக்கை எழுதாதீங்க. அங்க கொட்டுற அன்னிக்குச் செங்குன்றம் காஞ்சு கிடக்கும். குடிநீர் வாரியம் தினமும் வெளியிடுற ஏரி நீர்மட்டப் பட்டியல்ல செங்குன்றம் (நம்ம புழல் ஏரிதான்), சோழவரத்துக்கு மழை மில்லிமீட்டர் இருக்கு, அதை எடுங்க. மழைக்கணக்கு காலை 8.30லேருந்து மறுநாள் காலை 8.30 வரைக்கும், தேதி போடுறப்ப கவனம்.

முள்வேலி:

ஏரிக்கரை அண்ணன் சொன்னதுக்கு மேல இடத்தைப் பத்தி மட்டும் சொல்றேன்.

நம்ம பக்கம் காடுன்னு தனியா இல்ல, ஆனா அதனால ஒண்ணும் குறையில்ல. மணல் பாங்கான சவுக்குத் தோப்புல போடாக்சிஸ் தேடுங்க. மூடின குடை, கடைசி வரைக்கும் விரியாது, உள்ள கறுப்புத் தூள். மைக்குடைன்னு தப்பாப் பதிவு ஆகுது. மைக்குடை கரைஞ்சு மையா ஒழுகும், இது கட்டை மாதிரி காஞ்சு நிக்கும். தைலமரத்தடியில பிசோலித்தஸ் வரும், வெட்டினா உள்ள பட்டாணி பட்டாணியா இருக்கும். வெட்டுக் கட்டையிலயும் பழைய வேலிக்கால்லயும் ஸ்கைசோஃபில்லம் வருஷம் பூரா இருக்கும். வெள்ளை விசிறி மாதிரி இருக்கும், அடியில செவுள் நெடுக்கப் பிளந்திருக்கும், லென்ஸ்ல பார்த்தா தப்பவே தப்பாது. ரத்தச் சிவப்புத் தட்டுக்காளானும் வெயில் படுற கட்டையிலதான். பூந்தொட்டியில மஞ்சளா வர்ற லியூக்கோகாப்ரைனஸையும் விடாதீங்க, தொட்டிதானேன்னு யாரும் எழுதுறதில்ல.

ஏரிக்கரைக்கு நீர்வளத் துறைக்காரங்க கிட்ட, பூங்காவுக்குத் தோட்டக்கலைத் துறைக்காரங்க கிட்ட முன்னாடியே எழுத்துல கேளுங்க. படம் எடுக்கிறது வேற, மாதிரி எடுக்கிறது வேற. ரெண்டுக்கும் தனித்தனியா அனுமதி எழுதி வாங்கினா வாசல்ல வாக்குவாதம் இருக்காது. பெரம்பூர், ஐசிஎஃப் பக்கம் ரயில்வே குடியிருப்பு மரங்களையும் பட்டியல்ல சேர்க்கலாம், ஆனா அங்கயும் கேட்டுட்டுத்தான் உள்ள போகணும்.

புற்றுக்கிட்ட கையை விட்டுத் தோண்டாதீங்க. மழையில பாம்பு மேட்டுக்கு ஏறும். ஒரு கோலால இலைச்சருகை விலக்கிப் பார்த்துட்டுக் கத்தியை வைங்க. கணுக்கால் மூடுற ஷூ கட்டாயம்.

பன்னெண்டு பேரும் ஒரே காளானைச் சுத்தி நின்னா மத்தது மிதிபடும். மூணு பேர் ஒரு குழு: ஒருத்தர் படம், ஒருத்தர் குறிப்பு, ஒருத்தர் எடுத்து எண் போட்டுப் பெட்டியில வைக்கிறது. மணிக்கு 300, 400 மீட்டர் போனாப் போதும். தொடங்கின நேரம், முடிச்ச நேரம், நடந்த தூரம், ஆள் எண்ணிக்கை நாலையும் எழுதுங்க. அது இல்லன்னா போன வருஷத்தோட இந்த வருஷத்தை ஒப்பிடவே முடியாது.

பாலித்தீன் பை வேண்டாம், ஒரு மணி நேரத்துல வேர்த்து நசிஞ்சுடும். பெருசுக்கு நியூஸ் பேப்பர்ப் பொட்டலம், மூங்கில் கூடை. சின்னதுக்கு அஞ்சறைப் பெட்டியை விட நல்லது எதுவும் இல்ல, கிண்ணத்துக்கு ஒண்ணு, அடியில ஈரமில்லாத டிஷ்யூ.

இன்னொண்ணு கண்டிப்பா: மணலி, எண்ணூர் பக்கத்துல முளைச்சது எந்தக் காளானா இருந்தாலும் வாயில வைக்காதீங்க. காளான் மண்ணுலேருந்து காட்மியம், பாதரசம் மாதிரி உலோகங்களை இழுத்துச் சேர்த்து வெச்சுக்கும். நல்ல காளான்னு பேர் வாங்கின வகையும் அப்படித்தான்.

உருப்பெருக்கி:

ஸ்போர் பிரிண்டில் பூசணம் வருவதற்குக் காரணம் அறை ஈரம் மட்டும் இல்லை. மழையில் ஊறிய குடையை அப்படியே கவிழ்த்து, மேலே டம்ளரை இறுக்கமாக மூடி, இரவு முழுக்க விட்டுவிடுகிறோம். பன்னிரண்டு மணி நேரம் பூசணத்துக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்தது போல ஆகிறது.

இப்படிச் செய்து பாருங்கள். தண்டைச் செவுள் மட்டத்தில் நறுக்கிவிட்டு, குடையின் மேல் ஈரத்தை டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். அரை மணி நேரம் மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். அதன்பின் செவுள் கீழே இருக்கும்படி அலுமினியத் தாளில் வைத்து டம்ளரைக் கவிழுங்கள். டம்ளரின் விளிம்புக்கு அடியில் ஒரு தீக்குச்சி கொடுத்தால் காற்று போகும். பெரிய குடையாக இருந்தால் கால்பாகம் நறுக்கி வைத்தாலே போதும். காலை ஒன்பதுக்கு வைத்தால் பிற்பகல் இரண்டு, மூன்றுக்கு எடுத்துவிடுங்கள். மைக்குடை வகைக்கு இரண்டு மணி நேரம்தான், அதற்கு மேல் விட்டால் தாளில் மை மட்டுமே மிஞ்சும். எடுத்த அச்சைத் திறந்தபடி ஒரு மணி நேரம் உலர்த்தி, மடித்து, எண் எழுதிய உறையில் போடுங்கள்.

தாளில் கோடு கோடாக இழுபட்டிருந்தால் அது புழுவின் வேலை. செவுளுக்குள் இருக்கும் கொசு போன்ற பூச்சியின் புழுக்கள் இறங்கி ஸ்போர் மேல் ஊர்ந்திருக்கும். அந்தக் குடையை விட்டுவிட்டு இளைய குடை ஒன்றை வையுங்கள். மொட்டு நிலையில் இருப்பது எதையும் உதிர்க்காது, மிக முதிர்ந்ததும் தீர்ந்துபோயிருக்கும். அந்த மாதிரிச் சமயத்தில் களத்திலேயே ஒரு வழி உண்டு. அடுக்காக முளைத்த காளானில் மேல்குடையின் ஸ்போர் கீழ்க்குடையின் மேல் பொடியாகப் படிந்திருக்கும், அதைப் படம் எடுங்கள்.

கறுப்புத் தாளை விட அலுமினியத் தாளைச் சொல்வதற்குக் காரணம், நிறத்தைப் பிறகு நிதானமாகப் பார்க்கலாம். பிளேடால் ஸ்போரைச் சுரண்டிச் சிறு குவியலாக்கி, வெள்ளைத் தாளில் வைத்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மெல்லிய படலமாக இருக்கும்போது இளஞ்சிவப்பும் வெள்ளையும் ஒன்றாகத் தெரியும். குவித்தால் பிரியும். லியூக்கோகாப்ரைனஸ் வெள்ளை, டெர்மிட்டோமைசிஸ் இளஞ்சிவப்பு கலந்த பாலாடை நிறம், அகாரிகஸ் அடர் சாக்லேட், மைக்குடை கறுப்பு. உங்கள் மாதவரம் காளான் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸாக இருந்தால் மங்கிய பச்சை வரும்.

உலர்த்துவது. ஐப்பசி வெயிலை நம்ப வேண்டாம். உணவு உலர்த்தும் கருவி இருந்தால் 40 முதல் 45 டிகிரி. 60ஐத் தாண்டினால் காளான் வெந்துவிடும், பிறகு டி.என்.ஏ. எடுப்பதும் கடினமாகும். கருவி இல்லையென்றால் அட்டைப்பெட்டி, பக்கத்தில் நான்கு துளை, அடியில் 40 வாட் குண்டு பல்பு, அதற்கு ஒரு சாண் மேலே எவர்சில்வர் சல்லடை. எல்.இ.டி. பல்பில் சூடு போதாது. பல்பு அட்டையைத் தொடக்கூடாது, ஆள் இல்லாத நேரத்தில் எரிய விடவும் கூடாது. சதைப்பிடிப்பானவற்றை 5 மி.மீ. துண்டுகளாக நறுக்குங்கள். பொரிக்காத அப்பளம் போல ஒடியும் வரை உலரவேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

உலர்ந்ததை ஆற விடாமல் சிலிக்கா ஜெல்லுடன் ஜிப் பையில் அடைத்து, ஃப்ரீஸரில் ஒரு வாரம், வெளியே இரண்டு மூன்று நாள், மறுபடி ஒரு வாரம். உங்கள் மாதிரிகளை அரித்தது வீட்டு மளிகையில் வரும் அதே சிறு வண்டாகத்தான் இருக்கும். முதல் குளிரில் தப்பிய முட்டை பொரிந்து வரும்போது இரண்டாவது குளிர் அதைத் தீர்க்கிறது. ஃப்ரீஸரிலிருந்து எடுத்த பையை உடனே திறக்காதீர்கள், உள்ளே ஈரம் படியும். எண்ணைப் பென்சிலால் எழுதி மாதிரியோடு உள்ளேயே போடுங்கள், ஜெல் பேனா மை கரைந்தோடும். டி.என்.ஏ.வுக்கு என்றால் அரிசி அளவு துண்டு ஒன்றைத் தனிக் குழாயில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

நுண்ணோக்கி கிடைத்தால் ஸ்போரைப் பிரிண்டிலிருந்து எடுங்கள், செவுளைப் பிய்த்து எடுத்தால் முதிராத ஸ்போரும் கலந்துவிடும். எண்ணெய் லென்ஸில் 1000 மடங்கு, பக்கவாட்டில் கிடக்கும் ஸ்போர் குறைந்தது இருபதின் நீள அகலம். ஸ்டேஜ் மைக்ரோமீட்டரால் (நுண்ணளவுக் கோடுகள் பொறித்த கண்ணாடிச் சில்லு) ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனியாக அளவு சரிபார்க்காமல் எழுதிய மைக்ரான் கணக்கு யாருக்கும் உதவாது. எந்தத் திரவத்தில் அளந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். கே.ஓ.எச். (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) கரைசலில் ஸ்போர் சற்று உப்பும், தண்ணீரில் அப்படி இல்லை.

கொசஸ்தலை:

ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. அந்தத் தவறான கருத்துக்கு மறுப்பு எழுதிட்டோம். இன்னும் ரெண்டு சந்தேகம். மரத்துல பக்கவாட்டுல வர்ற கட்டைக்காளானுக்குச் செவுளே இல்ல, துளைதான் இருக்கு. அதுக்கு என்ன பார்க்கணும்? இன்னொண்ணு, குழுவில எல்லாரும் படத்தை வாட்ஸாப்ல அனுப்புறாங்க, ஒரு ஆள் ஏத்துறார். பாதிப் பதிவுல இடமே வரல.

முள்வேலி:

இடம் வராததுக்கு வாட்ஸாப்தான் காரணம். படமா அனுப்பினா அது ஜிபிஎஸ்ஸை உரிச்சு எடுத்துடும். 'டாக்குமென்ட்'டா அனுப்பச் சொல்லுங்க, இல்லன்னா அவங்கவங்களே ஏத்தட்டும். மரத்தடியில போன் ஜிபிஎஸ் பத்து மீட்டர் முன்ன பின்ன காட்டும், அந்தத் துல்லிய எண்ணையும் சேர்த்து எழுதுங்க. மண்ணைத் தோண்டிப் புற்றுக்காளான் எடுக்கிற கூட்டம் வரும்னு பயந்தா பதிவுல இடத்தை மங்கலாக்கிக்கலாம், ஆனா உங்க நோட்டுல சரியான இடம் இருக்கணும்.

ஏரிக்கரை:

கட்டைக்காளானுக்கு மரத்தோட பேர்தான் பாதிப் பதிவு. வேம்பு, தென்னை, மயில்கொன்றை, தூங்குமூஞ்சி, எதுன்னு தெரியலன்னா இலையையும் பட்டையையும் படம் எடுங்க. தரையிலேருந்து எத்தனை செ.மீ. உயரம்னும் குறிங்க. அடுத்து துளை: ஸ்கேலைத் துளைப்பரப்புல வெச்சு ஒரு மி.மீ.க்கு எத்தனை துளைன்னு லென்ஸ்ல எண்ணுங்க, அஞ்சு இடத்துல. அப்புறம் ஒரு துண்டை வெட்டிச் சதை நிறம், துளை அடுக்கு எத்தனை. அடுக்கடுக்கா இருந்தா பல பருவம் பார்த்த காளான்.

கேனோடெர்மான்னா மேல்பரப்பு வார்னிஷ் அடிச்ச மாதிரி இருக்கலாம், மங்கலான வகையும் உண்டு. புதுசா இருக்கிற வெள்ளைத் துளைப்பரப்புல நகத்தால கீறினா பழுப்பாகும். மேல, பக்கத்து இலையில எல்லாம் கோகோ பவுடர் மாதிரி தூள் படிஞ்சிருக்கும், அது அதோட ஸ்போர். தென்னையோட அடித்தண்டுல இதைப் பார்த்தா மரத்துக்காரர் கிட்டச் சொல்லுங்க, தஞ்சாவூர் வாடல்னு சொல்ற அடித்தண்டு அழுகல் நோய் இந்தப் பூஞ்சையாலதான். தெருவோர மரத்துல அடியைச் சுத்தி நிறைய இருந்தா உள்ள வேர் உளுத்திருக்கும். கார்த்திகைப் புயலுக்கு முன்னாடி மாநகராட்சிக்கு படத்தோட தெரியப்படுத்துறது நல்லது.

உருப்பெருக்கி:

இதோடு ஒரு சொட்டு கே.ஓ.எச். போதும். 5 கிராம் வில்லைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் போட்டு 100 மி.லி. ஆக்குங்கள். தண்ணீரை வில்லையின் மேல் ஊற்றக் கூடாது, சூடேறித் தெறிக்கும். கையுறை, கண்ணாடி அவசியம். பிளாஸ்டிக் சொட்டுக் குப்பியில் வையுங்கள். வெட்டிய பழுப்புச் சதையில் ஒரு சொட்டு விட்டு அது உடனே கறுத்தால் ஃபெல்லினஸ், ஐனோனோட்டஸ் குடும்பமாக இருக்கலாம். கேனோடெர்மாவின் சதையும் இயல்பிலேயே பழுப்புதான் என்பதால், விடுவதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்தால்தான் மாற்றம் தெரியும். சொட்டு விட்ட துண்டை மாதிரியோடு சேர்த்து வைக்காதீர்கள்.

நன்றாக உலர்ந்து முழுக் குறிப்போடு இருக்கும் மாதிரிகள் சேர்ந்ததும், கிண்டி வளாகத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்துக்கு முதலில் கடிதம் எழுதிக் கேளுங்கள், நேரே மூட்டையோடு போகாதீர்கள். அங்கே எம்.யூ.பி.எல். என்ற குறியீட்டோடு பூஞ்சை மாதிரிக் காப்பகம் இருக்கிறது. இணையத்தில் பழகிய வெளிநாட்டு நிபுணர் கேட்டார் என்று தபாலில் துண்டு அனுப்பிவிடாதீர்கள், 2002 பல்லுயிர்ச் சட்டப்படி அதற்கு முன்அனுமதி வேண்டும். அதைக் கவனிக்கும் தேசிய பல்லுயிர் ஆணையம் தரமணியிலேயே இருக்கிறது.

கொசஸ்தலை:

படிவத்தை மாத்திட்டோம். எண், தேதி, நேரம், இடமும் துல்லியமும், எது மேல முளைச்சது, மரம், கூட்டமா தனியா, குடை செவுள் தண்டு அடி அளவு, வாசனை, வெட்டினா நிறம், ஸ்போர் நிறம், ஆறு பட எண்கள், ஏழு நாள் மழை. பேர் கட்டத்தைக் கடைசியில பென்சில்ல வெச்சிருக்கோம். முதல் நடை வர்ற ஞாயிறு ஆறு மணிக்கு, புழல் கரை மேட்டுச் சரிவு. ஏதாவது விட்டிருக்கா?

ஏரிக்கரை:

ஒரு கட்டம் விட்டிருக்கு. 'தேடியும் கிடைக்கல'. ரெண்டு மணி நேரம் நடந்து ஒண்ணும் இல்லாம திரும்பினாலும் படிவத்தை நிரப்பி, ஏழு நாள் மழையோட சேர்த்து வைங்க. அப்புறம் வாசனைக் கட்டத்துக்குப் பக்கத்துல 'யார் முகர்ந்தது'ன்னு ஒரு சின்ன இடம் விடுங்க, ஒருத்தருக்கு முள்ளங்கியா வர்றது இன்னொருத்தருக்கு பச்சை மாவா வரும்.